மீதியைப் படிக்கச் சந்தா

ஒரு மனிதனின் கண் போனதற்கு நான்தான் காரணம். கல்லை எறிந்தவர்கள் மொசாம்பிக்கில் இருக்கிறார்கள். அதை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்த நான் திருச்செங்கோட்டில் இருக்கிறேன்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேர நிருபன். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி மொசாம்பிக் போனவர் டிரில்லர் குமரேசன். என் வீட்டுக்கு அடுத்த தெரு. அங்கே பத்திரிகைகள் போர்ச்சுக்கீசிய மொழியில் வருகின்றன. இங்கே செய்திப் பஞ்சம் வந்தால் அவற்றை இணையத்தில் திறந்து, செல்பேசியில் மொழிபெயர்த்து, நம்மூர்க்காரர் யாராவது அகப்படுகிறாரா என்று துழாவுவேன்.

ஒரு நாள் அகப்பட்டார். அங்கே ஒரு கிராமத்தில் காலரா. இந்தியர்கள் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் எதையோ கலந்துவிட்டதாக மக்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று செய்தி தொடங்கியது. குமரேசனின் பெயரும் இருந்தது. முதல் சில வரிகள் மட்டும் இலவசம். மீதியைப் படிக்கச் சந்தா கட்டச் சொன்னது.

நான் கட்டவில்லை... மீதியை நானே எழுதினேன்!

அடுத்த தெருவில்தானே அவர் மனைவி சாந்தாமணி இருந்தாள்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் செய்தி செத்துப்போயிருக்கும். அதுதான் பயம். 'கிணற்றில் நோய் கலந்தாரா நாமக்கல் தொழிலாளி?' என்று முதல் பக்கத்தில் வந்தது. அன்று எனக்கு எத்தனை பாராட்டு!

மாலைக்குள் தேசியச் சேனல்கள் எடுத்துக்கொண்டன. அவற்றைப் பார்த்து இணையதளங்கள் எழுதின. இத்தனை பெரிய நாட்டில், இத்தனை ஊடகங்களில், ஒருவராவது என்னைக் கூப்பிட்டு "விசாரித்தாயா?" என்று கேட்டாரா? கேட்கவில்லை! நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது... ஆனால் முதலில் விசாரிக்காதவன் யார்?

செய்தி சுற்றிச் சுற்றி மொசாம்பிக்குக்கே போய்ச் சேர்ந்தது. 'இந்திய ஊடகங்களே உறுதி செய்கின்றன' என்று அங்குள்ள வேறொரு பத்திரிகை எழுதியது. உறுதி செய்தது நான்! மறுநாள் கூட்டம் ரிக் வண்டியைச் சூழ்ந்து கல்லெறிந்தது.

குமரேசன் ஒரு கண்ணோடு ஊர் திரும்பினார். பார்க்கப் போனேன்.

"ஏனுங்கண்ணா, இதை மொதமொதல்ல எழுதுனது யாருங்க? நாங்க என்னுங்க பாவம் பண்ணுனோம்?" என்று சாந்தாமணி அழுதாள்.

"அந்த நாட்டுப் பேப்பருங்க. போர்ச்சுக்கீசு பாஷை. நாங்க அதைப் பார்த்துத்தான் போட்டோம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சந்தா கட்டினேன். இப்போதுதான் புத்தி வந்தது, பாருங்கள்!

அந்தப் போர்ச்சுக்கீசியப் பத்திரிகையின் நிருபர் கிராமத்துக்கே போயிருக்கிறார். வதந்தி பொய் என்று காட்டுவதற்காகவே எழுதியிருக்கிறார். தண்ணீரைச் சோதித்த சுகாதார அதிகாரி, அது சுத்தமானது என்று சொல்லியிருக்கிறார். ஊர் பார்க்க, குமரேசன் அதே தண்ணீரைப் பிடித்துக் குடித்துக் காட்டியதும் அதில் இருந்தது. இத்தனை பேர் எழுதியதில் அவருக்காகப் பேசியது அந்த ஒரு பத்திரிகைதான்.

திருத்தம் போடலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். "பழைய செய்தி, விடுங்க" என்றார்கள். விட்டுவிட்டேன்... அவர்கள் அப்படிச் சொல்ல வேண்டுமென்றுதானே நானும் காத்திருந்தேன்? குமரேசனிடம் இன்றுவரை மூச்சு விடவில்லை.

நேற்று டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சு வழக்கம்போல அந்தப் போர்ச்சுக்கீசியப் பத்திரிகையில்தான் போய் நின்றது.

"எழுதுனவன் மட்டும் என் கையில சிக்குனா உட மாட்டேனுங்க. அவனெல்லாம் ஒரு மனுசனாங்க?"

என் முகத்தைப் பார்ப்பதற்காக முழுதாகத் திரும்பிக் கேட்டார். நான் உட்கார்ந்திருந்தது அவருக்குக் கண் போன பக்கம்.

"இல்லைங்க" என்றேன்.

எனக்கும் சேர்த்து அவரே டீ சொன்னார்.