அண்ணன் சிரித்தால் எனக்குப் பயம்

எங்கள் அண்ணனின் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் யாவருக்கும் அண்ணனின் ஒரே தங்கையான நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். என் மகன் எழுதித் தருகிறேன் என்றான். எழுத்துக் கூட்டியாவது நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். என் அண்ணனைப் பற்றி எழுத இன்னொரு கை எதற்கு?

அண்ணன் பிறந்தது சேரன்மகாதேவியில். அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கல்யாண வீடுகளுக்குத் தண்ணீர் சுமக்கப் போனார்கள். பிறகு கரண்டி பிடித்து, ஆற்றங்கரை ஊர்களிலெல்லாம் பேர் சொல்லும் சமையல்காரர் ஆனார்கள். நான் தாலியிழந்து வந்து நின்றபோது, "நம்ம அடுப்புல வேலைக்கா பஞ்சம்? வாளா" என்று கூட்டிக்கொண்டார்கள். தேங்காய்ப்பால் பிழிவது என் வேலை.

வேலை நடக்கும்போது அண்ணன் பேசவே மாட்டார்கள். தம் கை தவறினால் மட்டும் கேலி வரும். அதனால் அடுப்படியில் அண்ணன் சிரிப்புக் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அண்டாவைப் பார்க்க ஓடுவேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் வைக்கும் சொதி விருந்து; சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்புதான் அதில் முக்கியம். இலை போட்டாயிற்று. தீயைத் தணிக்காமல் அண்ணன் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்ற, அண்டாச் சொதியும் திரிந்துபோயிற்று. அண்ணன் சிரித்தார்கள். "ஏளா, மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தைப் பாத்து சொதிக்கே கைகால் உதறிட்டு!"

எனக்கு உயிரே இல்லை. விருந்து கெட்டால் சம்பந்திகளுக்குள் மனத்தாங்கல் வரும், பிறகு யார் அண்ணனைக் கூப்பிடுவார்கள்? அண்ணனோ நேரே மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் போய் நின்றார்கள்.

"அண்ணாச்சி, தப்பு என் கையில. சொதி திரிஞ்சிட்டு. கொஞ்சம் பொறுத்தா புதுசா வச்சுத் தாரேன். திரிஞ்சதை நானே குடிச்சிட்டு ஊரு போய்ச் சேருதேன்."

பெண்ணின் தகப்பனார் முகம் வெளுத்துவிட்டது. பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் சொன்னார்: "அண்டாவையும் குடிச்சா ஊருக்கு உருண்டுல்லா போவீரு வே? போய்ப் புதுசா வையும்." பந்தியே சிரித்தது.

திரும்பி வந்த அண்ணனால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயந்துதாம்ளா சிரிக்கேன். ஒருத்தர்ட்டயும் சொல்லாத" என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை.

போன வருடம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "இந்தக் கஞ்சியில உப்பே இல்லையே, தூக்கத்துல நாந்தான் போயி வச்சேனோ?" என்று அண்ணன் கேட்க, வார்டே சிரித்தது. அண்ணன் மனைவியான மதினி வெளியே வந்து, "நல்லா சிரிக்காவ. சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். உள்ளே போய்ப் போர்வைக்குள் அண்ணன் கையைத் தொட்டேன். நடுங்கியது. அன்றுபோலவே பிடித்துக்கொண்டேன். நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை. அண்ணன் வீடு திரும்பவில்லை.

கூட இருந்து பார்த்த டாக்டர், நர்சம்மாமார், பதினாறாம் நாள் சமையலைக் கூலி வாங்காமல் செய்த அண்ணனின் கூட்டாளிகள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த வார்டில் அண்ணன் சொன்னதற்குச் சிரித்தவர்களுக்குத் தனியே கைகூப்புகிறேன். அண்ணனுக்கு அது வேண்டியிருந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.