இடது பக்கம் காலி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தட்டில் இட்லி விழுந்த நேரம் பார்த்து பாஸ்கரிடமிருந்து போன்.

"மாமா, கொஞ்சம் கிரவுண்டுக்கு வாயேன். தனியா நிக்க ஒரு மாதிரியா இருக்கு."

பாஸ்கர் என் மனைவியின் தம்பி. விவேக் நகர் பக்கம் ஒரு கல்லூரியில் பி.டி. சார். கால்பந்து அணிக்கும் அவன்தான் கோச். வருஷா வருஷம் ஆள் எடுக்கிறவன்... அவனுக்கு என்ன புதிதாய் ஒரு தயக்கம்?

மர்பி டவுனை ஒட்டிய அந்தச் செம்மண் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபிறகுதான் புரிந்தது.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. கிடைப்பவனுக்குக் கட்டணம் கிடையாது, ஹாஸ்டலும் இலவசம். மற்ற சீட்டுகளை மேனேஜ்மென்ட் ஏற்கெனவே நிரப்பிவிட்டது. எப்படி? மாநில அளவில் யாருக்குப் பெயர், யார் அதிக கோல், யார் கையில் பெரிய சர்டிஃபிகேட்... அதை மட்டும் பார்த்து. விளைவு, அணியில் ஐந்து ஃபார்வர்டு. ஐந்து பேரும் கோல் அடிக்கிற சூரர்கள். இடது பக்கம் நின்று தடுக்க ஒருவன் இல்லை.

"போன வாரம் இந்த ஏரியா பசங்க கூடவே தோத்தோம் மாமா. எல்லா கோலும் லெஃப்ட் சைடுலதான். பந்தியில உக்கார அத்தனை பேர் இருக்காங்க, பரிமாற ஒருத்தன் இல்ல."

வாராவாரம் பத்தி எழுதுகிற நான் பாஸ்கரோடு சுற்றுவதே இந்த மாதிரி வாக்கியங்களுக்காகத்தான். ஆனால் அன்று அவன் சிரிக்கவில்லை.

ட்ரையல்ஸ் தொடங்கியது. வந்த பையன்களிடம் வரிசையாகக் கேட்டான் — "என்ன பொசிஷன்?"

"ஃபார்வர்டு சார்." "ஃபார்வர்டு சார்." "ஃபார்வர்டுதான் சார்."

ஒருத்தன்கூட வேறு சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறான்? எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒரு பழக்கம் உண்டு. கோல் விழுந்ததும் கூட்டத்திலிருந்து யாராவது ஓடிப்போய், அடித்தவன் சட்டையில் ரூபாய் நோட்டைப் பின் போட்டுக் குத்துவார்கள். மைக்கில் அவன் பேர் வரும். நானே குத்தியிருக்கிறேன். கோலைத் தடுத்தவன் சட்டையில் யாராவது குத்திப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

வந்தவர்களில் விக்னேஷ் என்று ஒருவன். அத்திபெலேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். அம்மாவுக்கு கார்மென்ட்ஸில் வேலை. இந்தச் சீட்டு கிடைக்காவிட்டால் அவனும் அதே ஃபேக்டரி கேட்டுக்குள் போகவேண்டியதுதான் என்று பாஸ்கர் காதோடு சொன்னான். மாநில அணியில் ஆடியவன்; மேனேஜ்மென்ட் ஆள் எடுத்தபோது அவனுக்குச் சேதி எட்டவில்லை. பந்து அவன் காலுக்கு வந்தால் மைதானமே கொஞ்சம் அமைதியாகிவிடும்... அப்படி ஓர் ஆட்டம்.

இன்னொருவன் சதீஷ். உள்ளூர், மர்பி டவுன்தான். அவனும் ஃபார்வர்டு என்றுதான் சொன்னான். கோல் பக்கம் அடித்ததெல்லாம் வெளியே போனது. "மச்சா, பறவைய அடிக்கிறியா?" என்று ஓரத்திலிருந்து யாரோ கேட்டான்.

பாஸ்கர் சிரிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து எதிரணிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், எல்லோருக்கும் முன்னால் பின்பக்கம் ஓடி வந்து நின்றது சதீஷ்தான். அதுவும் இடது பக்கம்.

இடைவேளையில் அவனைக் கூப்பிட்டான். "டேய், நெஜமா சொல்லு. நீ எங்க ஆடுவ?"

"ஃபார்வர்டு சார்."

"உன் தெருவுல போய் கேக்கட்டுமா?"

சதீஷ் தரையைப் பார்த்தான். "லெஃப்ட் பேக் சார்."

"அத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"பேக்குக்கு யாரு சார் சீட்டு குடுக்கறாங்க? எங்கண்ணனும் பேக்குதான். இப்ப வாட்டர் கேன் போட்டுனு இருக்கான்."

பாஸ்கர் அவனை இடது பக்கம் நிறுத்தினான், எதிரே விக்னேஷை. முதல் தடவை விக்னேஷ் அவனைத் தாண்டிப் போய் கோல் அடித்தான். கைதட்டல். அடுத்த தடவை சதீஷ் விடவில்லை. அதற்கடுத்த தடவையும். பந்தை அவன் சுத்தமாகப் பறித்தபோது ஒருவரும் தட்டவில்லை. என் கையும் அசையவில்லை — பழக்கம் அப்படி.

முடிவு எனக்கே தெரிந்துவிட்டது. பாஸ்கர் துணைக்கு ஆள் தேடியது இதற்குத்தான். நன்றாக ஆடாதவனிடம் 'வேண்டாம்' என்று சொல்ல அவனுக்குப் பழக்கம் உண்டு. விக்னேஷிடம் எப்படிச் சொல்வது?

சொன்னான்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலப்பா. இருக்கற அஞ்சு பேரவிட நீ நல்லாதான் ஆடற."

"அப்புறம்?"

"அந்த அஞ்சு பேரும் உள்ள வந்துட்டாங்க. என் கையில இருக்கறது ஒரு எடம். அது பேக்கோட எடம்."

விக்னேஷ் நிமிர்ந்தான். "நான் பேக்கு ஆடறேன் சார்."

ஒரு சீட்டு. அதற்காக, தடுக்கிறவன் காலையில் தன்னை ஃபார்வர்டு என்றான். வெயில் ஏறியபோது ஃபார்வர்டு தன்னைத் தடுக்கிறவன் என்கிறான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"சரி, நில்லு," என்றான் பாஸ்கர்.

நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு பந்து வந்தது, ஒழுங்காகத் தடுத்தான். இன்னொன்று வந்தது... கால் கேட்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு பாதி மைதானம் தாண்டிவிட்டான். என்ன அழகான ஓட்டம்... நடுவில் பந்தைப் பறித்தார்கள். அவன் விட்டுவந்த காலி இடத்தின் வழியாகவே போய் கோல் விழுந்தது.

விக்னேஷ் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தான். ட்ரையல்ஸுக்குக் கொடுத்த மஞ்சள் பனியனைக் கழற்றி, உதறி, மடித்து பெஞ்சில் வைத்தான்.

ஆளை எடுப்பது சுலபம். பேரைப் பார்த்தால் போதும். அணியை எடுக்கிறவன்தான், ஒரு நல்ல ஆட்டக்காரன் முகத்தைப் பார்த்து 'உனக்கு இடமில்லை' என்று சொல்லவேண்டியிருக்கிறது. ஆபீஸிலும் அப்படித்தான், அபார்ட்மென்ட் கமிட்டியிலும் அப்படித்தான் என்று வழக்கம்போல விரித்து எழுதலாம்... இந்த வாரம் மனசு வரவில்லை.

பாஸ்கர் ஓரமாகப் போய் வேறொரு கல்லூரி பி.டி. சாருக்கு போன் போட்டான். "சார், ஒப்ப ஹுடுக இத்தானே... சக்கத் ஃபார்வர்டு" என்று கன்னடத்தில், ஒரு பையன் இருக்கிறான், அட்டகாசமான ஃபார்வர்டு என்று விக்னேஷுக்காகக் கெஞ்சினான். யாரிடமும் அவன் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அங்கே கோல் அடிக்க ஆளில்லையாம். ஆனாலும், வாக்குக் கொடுக்க முடியாது, வியாழக்கிழமை வரச்சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்கள். அவ்வளவுதான்.

அதை விக்னேஷிடம் சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை மூன்று பேரும் நடந்தோம். பஸ் வந்தது. விக்னேஷ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், பாஸ்கர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"டேய்... அங்க போய் பேக்குனு சொல்லிடாதடா."