ஆட்சேபணை இல்லாத வீடு

அத்தானுக்கு ஊரில் 'பரிசீலனை' என்று பெயர். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அவர் வாயிலிருந்து 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல் விழுந்ததில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால், "பரிசீலிக்கலாம்." டீ போடவா என்றாலும் அதே பதில்தான். அக்கா போட்டுவிடுவாள். பரிசீலனை முடிவதற்குள் ஆறிவிடும்.

அவர் வேலை அப்படி. சரளைக் குவாரிக்குத் திட்டம் போடுகிறவர். எந்தப் பக்கம் முதலில் தோண்டுவது, உரித்தெடுத்த மேல்மண்ணை எங்கே கரையாகக் கட்டினால் இரைச்சல் அடங்கும், நிலத்தடி நீருக்கு எவ்வளவு மேலே பள்ளத்தை நிறுத்தினால் கிணறுகள் பிழைக்கும் என்றெல்லாம் வரைவார். பூமிக்கு இத்தனை மரியாதையோடு குழி பறிக்க வேறு ஆள் கிடையாது.

புதிய பள்ளத்துக்கு லாரிகள் போக மூன்று வழிகள் இருந்தன. ஒன்றில் பள்ளிக்கூடம். இன்னொன்று குவாரி முதலாளியின் தோட்ட வீட்டை உரசிக்கொண்டு போனது. மூன்றாவது, தெருக் கடைசியிலிருக்கும் எங்கள் வீட்டு வாசல். கேள்வி கேட்க ஆளில்லாத வீடு எது என்று அத்தான் யோசித்திருக்கிறார். எங்களுடையது தேறிவிட்டது.

எங்கள் முன்னறையில்தான் அக்காவின் தையல் மிஷின். ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிறாள். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் கட்டு அப்படியே திரும்பி வரும். தெருவில் சைக்கிள் வேகமாகப் போனாலே ஜன்னலைச் சாத்துகிறவள்.

குவாரி வாசலில் மக்கள் பார்ப்பதற்காக லாரி வழி மேப்பை ஒட்டியிருந்தார்கள். அக்கா போய்ப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்கு நேராக, அத்தானின் முத்து முத்தான கையெழுத்தில், 'ஆட்சேபணை இல்லை.'

அத்தான் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, யாரைக் கேட்டு எழுதுனீங்க?"

"நம்ம வீடுதானே. நாம கொஞ்சம் அனுசரிச்சுப் போனா..."

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டு நான் அனுசரிக்கணுமா? வழியை மாத்துங்க."

"பரிசீலிக்கலாம்."

அக்கா மிஷினுக்குத் திரும்பினாள். கத்தரிக்கோலால் வெறும் காற்றை இரண்டு முறை வெட்டினாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம் மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் முதலாளி, ஓரத்தில் மேப்போடு அத்தான். கேள்வி உண்டா என்றதும் அக்கா எழுந்தாள். அத்தான் மேப்புக்குப் பின்னால் பாதி மறைந்தார்.

"மேடம், அந்தக் கடைசி வீட்டுல ஆட்சேபணை இல்லைன்னு போட்டிருக்கு. யாரைக் கேட்டு எழுதுனாங்களாம்?"

அதிகாரி அத்தானிடம் திரும்பினார். "வீட்டுக்காரர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன் மேடம்."

"யாரு அவரு?"

அத்தான் மேப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். "நான்தான் மேடம்."

மண்டபம் சிரித்தது. முதலாளிகூடச் சிரித்தார்.

"வீட்ல வேற யாரும் இல்லையா?"

"இருக்காங்க. இப்பக் கேட்டாங்களே, அவங்கதான்."

சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா உட்காரவே இல்லை. "வெள்ளைத் துணி தைக்கிறேன் மேடம். லாரி போனா தூசியாப் பறக்கும்."

"டேங்கர்ல தண்ணி தெளிப்போம்மா," என்றார் முதலாளி.

"தெளிச்சா சேறு. தூசி வேணுமா, சேறு வேணுமான்னு கேக்குறீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு."

அதிகாரி அத்தானைப் பார்த்தார். "வேற வழி இருக்கா?"

"பரிசீலிக்கலாம் மேடம்."

"அந்த வார்த்தை இங்க செல்லாது. ஆமாவா, இல்லையா?"

அத்தான் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணாலேயே வேண்டாம் என்றார். பிறகு அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை. அவள் தைத்தது.

"ஆமா," என்றார். கேட்டவர்களைவிட அவருக்கே அதிர்ச்சி. "தோட்ட வீட்டு வழி இருக்கு. கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான்."

"யோவ், அங்க என் வீடு இருக்குய்யா!" என்றார் முதலாளி.

"உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க சார்," என்றார் அதிகாரி. "பரிசீலிக்கிறோம்."

இப்போது லாரிகள் தோட்ட வீட்டு வழியாகத்தான் போகின்றன. அத்தானின் வேலை போகவில்லை. அந்தப் பள்ளத்தின் அடிமுடி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கூட்டம் முடிந்து வந்த கையோடு அக்கா கேட்டாள், "குழாய்?"

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார், ஸ்பேனரைத் தேடிப் போனார். முன்பு சொட்டிக்கொண்டிருந்த குழாய் அன்று முதல் கொட்டுகிறது.