கையால் பார்த்த குகைக் கோயில்

என் கையெழுத்தையும் பிழைகளையும் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தி. நகரில் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறேன். உளி பிடித்த கையில் பேனா வழுக்குகிறது. மகாபலிபுரம் போகாதவர்களுக்காக, நம் தெருப் படிப்பகத்தின் கையெழுத்து மலரில் இதை எழுதுகிறேன்.

என் மனைவி கமலத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. வியாழக்கிழமை ஆபரேஷன். "பார்வை வராமலே போயிட்டா? அதுக்குள்ள மகாபலிபுரத்துக் குகை அம்மனை ஒரு தடவை பார்த்துடணும்" என்றாள்.

ஞாயிறு காலை ஆறரைக்கு அடையாறில் பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். கேளம்பாக்கத்து உப்பளங்களையும் திருப்போரூரையும் தாண்டி ஒன்பது மணிக்கு இறங்கினோம். உடனே ஒரு சிறுமியும் அவள் தம்பியும் ஒட்டிக்கொண்டார்கள். செல்வி, மணி.

"சார், திஸ் கேவ் டெம்பிள், வெரி ஓல்ட்…" செல்வி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிக்கொண்டே மலையேறினேன்.

"தமிழ்ல சொல்லுடி" என்றாள் கமலம்.

செல்வி விழித்தாள். "வெள்ளைக்காரங்கதான் கேப்பாங்க. தமிழ்ல யாரும் கேட்டதில்லயே."

வெளியே கண் கூசும் வெயில். குகைக்குள் நுழைந்ததும் கமலத்துக்கு ஒரே இருட்டு. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நிழல்கூடத் தெரியலீங்க. போயிடலாம்."

செல்வி அவள் பக்கத்தில் போனாள்.

"ஆயா, கையக் குடு."

"ஆயாவா? ஒரு முடி நரைக்கலடி எனக்கு."

"சரிக்கா, குடு. இது சிங்கம். அதும் மேல அம்மா குந்திக்கினு கீது. இது வில்லு." அதே சுவரில் அம்மனுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் போனாள். "இது எருமத்தல அசுரன். கையில கதை வச்சிக்கினு கீறான். ஆனா காலத் தொட்டுப் பாரு, பின்னால போவுது. ஓடலாமான்னு பாக்குறான்."

"எங்க வாத்தியார் வந்தா இவன் இப்டித்தான் நிப்பான்" என்று தம்பியைக் காட்டினாள். "நீயுந்தான்" என்றான் மணி. கமலம் சிரித்துவிட்டாள்.

பிறகு அவள் விரல்கள் தாமாகவே நகர்ந்தன. வீட்டில் எது யார் தட்டு என்பதை நான் வெட்டிய எழுத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறாள். அதே விரல்கள். அம்மனின் பாதத்தருகே நின்றன. "இங்க உளி மெதுவாப் போயிருக்குங்க" என்றாள்.

கொண்டுபோன புளிச்சோற்றை நால்வரும் பாறை நிழலில் சாப்பிட்டோம். பஸ் கிளம்பும்வரை இரண்டு பிள்ளைகளும் ஜன்னலடியில் நின்றார்கள்.

ஆபரேஷனில் ஒரு கண் நன்றாக வந்தது. தடிக் கண்ணாடி போட்டுக் கமலம் இப்போது அரிசியில் கல் பொறுக்குகிறாள். "இன்னொரு தடவை போய் அம்மனைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"அம்மனைத்தான் பார்த்தாச்சே. அந்தப் பொண்ணு மூஞ்சியத்தான் பார்க்கல."

அடுத்த ஞாயிறு போகிறோம். இரண்டு டம்ளர்களில் செல்வி, மணி என்று வெட்டி வைத்திருக்கிறேன். வழக்கமாகப் பாத்திரம் வாங்குகிறவர்கள் பெயரைச் சீட்டில் எழுதித் தருவார்கள்; இதற்கு யாரும் தரவில்லை. நானே எழுத்துக் கூட்டி வெட்டினேன்.

தி. நகர்,
20-10-1974