ரங்கூன் காய்ச்சலுக்குப் பேர் வைத்தவர்

மயிலாப்பூர் தையற்காரர் கலீமுல்லா ரங்கூனில் தொழில் கற்றவர் என்று இருபது வருஷமாக அவரே சொல்லிவந்தார். கடைப் பலகையிலும் ‘ரங்கூன் டெய்லர்’தான். கற்றதென்னவோ சைதாப்பேட்டையில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் ஊரெல்லாம் காய்ச்சல். "இது ரங்கூன் காய்ச்சல், அங்க நான் நெறைய பாத்துக்கீறேன்" என்று பேர் வைத்து ஜம்பமடித்தவரும் அவரே. ஒரே வாரத்தில் அந்தப் பேர் தெருத்தெருவாகப் போயிற்று. கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ‘ரங்கூன்’ பலகையைக் கண்டதும் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அல்போன்சா டீச்சர் வாசலிலேயே நின்று, தைக்கக் கொடுத்த துணியைத் திரும்பக் கேட்டு, கை படாமல் வாங்கிக்கொள்ளக் குடையை நீட்டினார்.

கலீமுல்லா பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார். "டீச்சரம்மா, நான் சைதாப்பேட்டைக்கு அந்தண்ட போனதே இல்ல. அல்லா மேல ஆணை!"

இருபது வருஷத்தில் அவர் சொன்ன முதல் உண்மை.

டீச்சர் இரண்டடி பின்வாங்கினார். "ஐயோ பாவம் பாய், பிதற்றவே ஆரம்பிச்சிட்டீங்களே!"