யோகண்ணையின் சிரிப்பு இருந்த கசெற்

ஞாயிறு, பின்னேரம் நாலு மணி, பதினொரு பேர். பாய் விரித்து அவ்வளவு பேரையும் இருத்தினால் எங்கள் ஸ்டூடியோ நிரம்பிவிடும். வியர்வை, ஜெனரேற்றர் புகை, பூட்டிய ஜன்னல்...

ஜன்னலைத் திறக்க ஏலாது. வெளியே திருகோணமலைத் துறைமுகம். சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பினால் அன்றைக்கே உள்ளே போட்டுவிடுவார்கள். அதனால்தான் எங்கள் கம்பனி குடும்ப நகைச்சுவைத் தொடர் மட்டும் எடுத்தது. ஒரு அறை, நாலு கதிரை, ஒரு மாமியார். கலை என்றெல்லாம் ஒன்றுமில்லை.

கம்பனி என்றால் வீடியோக் கடைச் சிவமண்ணையும் நானும். அவர் எழுதுவார். கமெரா, சவுண்ட், எடிட்டிங் நான். கசெற்றைக் கடையில் வாடகைக்கு விடுவோம்.

படப்பிடிப்பைப் பார்க்க வரும் அயலவர்களின் சிரிப்பைத் தனி மைக்கில் பிடிப்பேன். முதல் சிரிப்பு எப்போதும் யோகண்ணையுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அவர் சிரிப்பு விக்கல் மாதிரித் தொடங்கி, மூச்சு முட்டித்தான் நிற்கும்.

"பகிடியை முடிக்க விடடாப்பா," என்பார் சிவமண்ணை.

"முடிஞ்சா பிறகு சிரிக்க அதில என்ன கிடக்கு?"

ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் யோகண்ணையைக் கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

அடுத்த பகுதிக்கும் அயலவர்கள் வந்து இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பழைய சிரிப்பைப் போட்டுவிடு," என்றார் சிவமண்ணை. போட்டேன். வெட்டிய இடம் தெரியவில்லை. நல்ல வேலை.

கசெற் வெளியான மறுநாள் யோகண்ணையின் மனைவி மலரக்கா செருப்பில்லாமல் கடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, இது போன கிழமை எடுத்தது தானே?"

"ஓம் அக்கா."

"அப்ப அவர் வந்தவர். அவற்ற சிரிப்புக் கேக்குது. எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள்? எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒலியை ஏற்றுவது எப்படி என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார்.

"அப்ப அவர் வரேல்லையோ..."

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் எடுக்கவில்லை.

இப்போது போனில் எந்த வீடியோவைத் தட்டினாலும் பின்னால் பதிந்த சிரிப்பு வருகிறது. யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. போன கிழமை சிவமண்ணை தன் அலுமாரியில் கிடந்த அந்தக் கசெற்றைத் தந்தார். பூஞ்சணம் பிடித்திருக்கிறது. "மலர் கேட்டவ. அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கோ எண்டு," என்றார்.

இனிச் செய்யப் போவது:

1. டேப்பைக் கழற்றிப் பூஞ்சணம் துடைப்பது.
2. ஓடுகிற வீடியோ டெக் ஒன்று தேடுவது.
3. சிரிப்பை மட்டும் பிரித்தெடுப்பது. இரைச்சலை அதிகம் குறைக்கக் கூடாது, அவருடைய மூச்சும் சேர்ந்து போய்விடும்.
4. மலரக்கா இப்போது இருக்கும் நிலாவெளிக்கு நானே கொண்டு போவது. போடுவதற்கு முன்னமே சொல்லிவிடுவது, இது பழையது என்று.