கழுதை விழித்திருந்த கப்பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் விண்கப்பலில் மனிதர் ஒருவரும் இல்லை. ஒரு குதிரை, ஒரு காகம், ஒரு கழுதை, அவ்வளவுதான். கழுதை நான். நானாகத் தெரிந்தெடுக்கவில்லை. "உம்மடை பிடிவாதத்துக்கு வேறை எது பொருந்தும்?" என்று என் தோழி கழுதையை என் தலையில் கட்டிவிட்டுத் தான் காகத்தை எடுத்துக்கொண்டாள். குதிரை அவளுடைய அண்ணன். நானும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். காட்டுக் குதிரைகள் மேயும் நெடுந்தீவில் பிறந்த மனிதர் குதிரையை வேறு ஆளுக்கு விடுவாரா?

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், பாதை திறந்து வெளிநாட்டுக்காரர் எல்லாம் ஊர் பார்க்க வந்த நேரம், இலண்டனிலிருந்து பெரியம்மா குடும்பமும் வந்தது. அவர்களுடைய மகன் வளர்ந்து கைவிட்ட சாமான்களோடு ஒரு பழைய மட்டைப் பெட்டி இருந்தது. மூடியில் விண்வெளி உடுப்புப் போட்ட ஒரு நரி. பின்னால் கரடியும் முயலும். உள்ளே இரண்டு புத்தகங்கள், ஒரு நட்சத்திர வரைபடம், கொஞ்சம் தாள்கள். ஆளுக்கொரு மிருகமாகிக் கப்பலில் ஏறி, கிரகம் கிரகமாகப் போய், நடப்பதை எல்லாம் வாயால் சொல்லிச் சொல்லியே விளையாட வேண்டும். எனக்கு அப்போது பதினைந்து வயது. சொக்கிளேற் எல்லாம் முடிந்துபோனதால்தான் பெரியம்மா அதை எனக்குத் தந்தார்.

புத்தகம் முழுக்க ஆங்கிலம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒரு பக்கத்தை ஒரு கிழமையாக வாசித்தோம். எரிபொருள், சேதம், அவசரக் கதவு; நான் ஆங்கிலத்தில் ஒழுங்காகக் கற்ற முதற் சொற்கள் இவைதான். இன்று இதே தீவில் ஆங்கில ரீச்சராகச் சம்பளம் எடுக்கிறேன் என்றால் அந்த நரிக்குத்தான் கும்பிடு போட வேண்டும். ஆனாலும் எங்களுக்கு விளங்கியது பாதிதான். ஒருவர் விளையாடாமல் நடுவராக இருந்து கதையை நடத்த வேண்டுமாம். அது பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் மூன்று பேரில் ஒருவரைக் கரையில் விட்டுவிட்டுப் போக முடியுமா? பெட்டிக்குள் இருக்க வேண்டிய பகடைக் காய்களும் தொலைந்துபோயிருந்தன. கடற்கரையில் பொறுக்கிய ஆறு சோகிகளை, அதுதான் சோழிகளை, கைக்குள் குலுக்கி எறிந்தோம். எத்தனை சோகி வாயை மேலே காட்டுகிறதோ அத்தனை கட்டம் கப்பல் நகரும். ஒன்று மட்டும் காட்டினால் தாயம். எங்களுக்கு நடுவர் அந்தச் சோகிகள்தான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் விட்டோம். விண்வெளிக்குள் எங்கள் தென்மேற்குச் சோளகக் காற்றைக் கொண்டுவந்தோம்.

"விண்வெளியிலை காத்து இல்லையெண்டு படிச்சனாங்கள் எல்லே?" என்று நான் கேட்டேன்.

"காத்து இல்லையெண்டால் கப்பல் ஏன் பிந்தும்?" என்றார் அண்ணை.

குறிகாட்டுவான் துறையிலிருந்து ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி வந்தால்தான் எங்களுக்கு வீடு. காற்று எழும்பினால் படகு இல்லை. படகு இல்லாவிட்டால் கடிதம் இல்லை, மரக்கறி இல்லை. காற்று மறிக்காத ஒரு பயணத்தை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே ஆறு சோகியும் கவிழ்ந்து விழுந்தால் சோளகம் என்று வைத்தோம். கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்று மிருகங்களும் உள்ளே இருந்து ஒடியல் கூழ் குடிக்கும்.

நித்திரைச் சட்டமும் அந்தக் காற்றால் வந்ததுதான். யாராவது யாழ்ப்பாணம் போய்ப் படகு இல்லாமல் மாட்டிக்கொண்டால், அவருடைய மிருகத்தைக் கப்பலின் அடித்தட்டில் படுக்க வைப்போம். கப்பல் கொப்பி என்று ஒரு கொப்பி. அதில் எழுதவும் வேண்டும். ஆள் திரும்பி வந்தாலும் மிருகம் உடனே எழும்பாது. விழித்திருப்பவர் எறிந்து தாயம் விழ வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு எறிதான். விழாவிட்டால் வந்தவர் பக்கத்தில் குந்தியிருந்து வாய் பார்க்க வேண்டியதுதான்.

இதில் தோழி அளாப்புவாள். சோகியை விரலால் மெல்லத் தட்டிப் புரட்டிவிட்டுத் "தாயம்!" என்று கத்துவாள். கள்ள விளையாட்டு என்றால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். ஒருமுறை அவளுடைய பின்னலைப் பிடித்தே இழுத்திருக்கிறேன். "அரிச்சந்திரன்ரை பேத்தி வந்திட்டா!" என்று நக்கலடிப்பாள். அடிக்கட்டும். நான் ஒருநாளும் அளாப்பியதில்லை.

சண்டை திரும்பத் தொடங்கியபோது அண்ணை சுவிசுக்குப் போனார். போவதற்கு முதல் நாள் தானே கொப்பியை வாங்கி, "குதிரை படுக்குது. வந்து எழும்பும்" என்று எழுதினார். வரவில்லை. பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். மண்ணெண்ணெய் இல்லாத நாட்களிலும், தூரத்தில் வெடிச் சத்தம் கேட்ட நாட்களிலும், பின்னேரம் நாலு மணிக்கு அவள் எங்கள் கல் மதிலைக் கடந்து குதித்து வருவாள். பாயை விரித்து, வரைபடத்தைப் பரப்பி, சோகியை எடுப்போம். பயமாக இருக்கிறது என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. காகம் கழுதையிடம் சொல்லும். "பயப்பிடாதை, நான் முழிச்சிருக்கிறன்" என்று கழுதை சொல்லும். இப்போது எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது எங்களுக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான்.

சண்டை முடிந்த பிறகு அவளுக்குப் பிரான்சில் மாப்பிள்ளை பார்த்தார்கள். வரைபடத்தில் எங்கள் வீட்டுக் கிரகத்துக்கு இன்னும் மூன்றே கட்டங்கள் இருந்தன.

"நான் போக முன்னம் கப்பலை வீட்டை கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுவம்" என்றாள்.

நான் தலையிடி என்றேன். அடுத்த நாளும் தலையிடி. "உமக்கு வாற தலையிடி என்ன தலையிடியெண்டு எனக்குத் தெரியும்" என்றாள். தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? அவள் போகிறாள், நான் இருக்கிறேன். போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போக வேண்டும். இருக்கிறவளுக்கு அப்படியா? கடைசியில் பெட்டியை ஒரு நாளைக்குத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவளுடைய அம்மா திருப்பிக் கொண்டுவந்தார். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. நான் அவிழ்க்கவில்லை. அலுமாரிக்கு மேலே எறிந்தேன். அவள் படகு ஏறிய காலையில் காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். உடம்பு சில்லென்றுதான் இருந்தது.

பிரான்சிலிருந்து முதல் தடவை போன் எடுத்தபோதே கேட்டாள்: "பெட்டியைத் திறந்தனீரே?"

"எனக்கு வேறை வேலை இல்லையெண்டு நினைச்சீரோ?"

இரண்டாம் தடவையும் கேட்டாள். அதே மறுமொழிதான். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை. கேட்டாலும் கோபம், கேட்காவிட்டாலும் கோபம் எனக்கு. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். பிறகு போனும் குறைந்தது. பொங்கலுக்கு அவள் ஒரு பானைப் படம் அனுப்புவாள். நான் ஒரு கரும்புப் படம் அனுப்புவேன். இருவருடைய கடமையும் முடிந்தது.

இப்படிப் பதினான்கு வருடங்கள். அப்பா போனார், பிறகு அம்மாவும். தம்பி கனடாவில். நாலு அறை வீட்டில் ஒரு அறையையும் குசினியையும்தான் பாவிக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடுத்த நாள் காலை வரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லை. சனி, ஞாயிறு முழுக்கக் கதைக்காமல் இருந்துவிட்டுத் திங்கள் முதல் பாடத்துக்குப் போனால் தொண்டை அடைத்து நிற்கும். பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார்கள்.

பின்னேரங்களில் அந்தக் கப்பல் ஞாபகம் வரும். குதிரையும் காகமும் அடித்தட்டில் நல்ல நித்திரை. கழுதை மட்டும் யன்னலுக்குப் பக்கத்தில் விழித்திருக்கிறது. சோளகம் நின்றபாடில்லை. எல்லாரும் என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள் என்று மனதுக்குள் ஒரே குமைச்சல். அந்தக் கப்பலில் என்னைத் தவிர வேறு யாராவது ஒரு தடவையாவது கண் திறந்து பார்த்தார்களா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

போன மாரியில் அலுமாரிக்குப் பின்னால் கறையான் ஏறிவிட்டது. விளக்குமாற்றோடு கதிரையில் ஏறி, மேலே கிடந்த எல்லாவற்றையும் இழுத்து விழுத்தினேன். பெட்டியும் விழுந்தது. நரியின் முகத்தில் பாதி இல்லை. ஐயோ என்று கயிற்றை வெட்டித் திறந்தேன். வரைபடத்தின் ஒரு கரை போய்விட்டது. சோகிகள் ஒரு துணி முடிச்சுக்குள் இருந்தன. கப்பல் கொப்பி தப்பியிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் அவளுடைய சரிந்த எழுத்து:

"கழுதை கோவத்திலை படுத்திட்டுது. நான் எழுப்பேல்லை, ஆறுதலாப் படுக்கட்டும். காகம் காவலுக்கு நிக்குது. எத்தினை நாளெண்டாலும் நிக்கும். கழுதை இந்தக் கொப்பியைத் திறந்தால் அது எழும்பினதாச் சட்டம். தாயம் தேவையில்லை. எழும்பின உடனை காகத்துக்குச் சொல்லவும்."

கறையான் மண்ணுக்குள்ளேயே நிலத்தில் இருந்துவிட்டேன். பதினான்கு வருடங்களாக நான் காவல் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். காவலில் நின்றவள் இரண்டு தடவை போன் எடுத்துக் கேட்டிருக்கிறாள். நான் என்ன சொன்னேன்? "அடி விசரி" என்று என்னையே பேசினேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், என்னைப் பேசுவதற்கு?

அன்று நாலு மணிக்கு நானே போன் எடுத்தேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். பின்னால் கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

"என்னப்பா, ஆருக்கும் ஏதுமே?" என்றாள் பதறிக்கொண்டு. நானாக எடுத்தால் சாவு வீடு என்றுதான் நினைப்பாள் போல.

"பெட்டியைத் திறந்தனான்" என்றேன்.

சிரித்தாள். "இப்பத்தானே எழும்பினனீர்?" சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது. "நான் கன காலம் முழிச்சிருந்தனான், தெரியுமே? மூத்தவன் பிறந்தாப் பிறகும் முழிப்புத்தான். போன் அடிச்சால் நீராக்கும் எண்டு ஓடுவன். பிறகு எனக்கும் நித்திரை வந்திட்டுது."

நான் அழுதேன். ஒளிக்க ஒன்றுமில்லை, வாய் விட்டுத்தான் அழுதேன். கொஞ்ச நேரம் அழ விட்டுவிட்டு, "சோகி கிடக்கே?" என்று கேட்டாள்.

"கிடக்கு."

"அப்ப எறிஞ்சு என்னை எழுப்பும்."

போனை நிலத்தில் வைத்துவிட்டுக் குலுக்கி எறிந்தேன்.

"என்ன விழுந்தது?"

"மூண்டு. இன்னொருக்கா எறியட்டே?"

"ஏலாது. ஒரு நாளைக்கு ஒருக்காத்தான். நாளைக்கு இதே நேரம் எறியும்."

அன்று தொடங்கியது. பின்னேரம் நாலு மணி அடித்தால் எறிகிறேன். ஐந்து. இரண்டு. ஒருநாள் சோளகம். எறிந்த பிறகு பத்து நிமிடம் கதைக்கிறோம். என்ன சமைத்தனீர், இளையவளுக்கு இருமல் விட்டதா, நேற்றுப் படகு ஓடியதா, இவ்வளவுதான் கதை. திங்கட்கிழமைகளில் இப்போது எனக்குத் தொண்டை அடைப்பதில்லை. தாயம் விழுந்தால் காகம் எழும்பும். பிறகு மூன்று கட்டங்கள். இரண்டு, மூன்று எறியில் கப்பல் வீட்டுக்குப் போய்விடும். விளையாட்டு முடிந்துவிடும். முடிந்த பிறகு ஒவ்வொரு நாளும் என்னோடு கதைக்க அவளுக்கு என்ன தேவை? வேலை, புருசன், மூன்று பிள்ளைகள் என்று அவளுக்கு ஓர் உலகம் இருக்கிறது. எனக்குப் பழையபடி பொங்கலுக்குப் பானைப் படம் வரும்.

நேற்றும் நாலு மணிக்கு எறிந்தேன். ஐந்து சோகிகள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் வாயை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது.

"என்ன விழுந்தது?" என்று கேட்டாள்.

"நாலு" என்றேன்.

"சரி, அப்ப நாளைக்கு எறியும்" என்றாள்.